சீனியர் "ஒரு நோட் போடு" என்றால்: முதல் சட்ட மெமோ எழுதும் ஜூனியர்களுக்கு

பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு சீனியரிடம் சேர்ந்து கொஞ்ச நாள் ஆனதும், அவர் ஒரு கேஸ் கட்டைக் கையில் கொடுத்து "இதைப் பார்த்து ஒரு நோட் போட்டுக் கொடு" என்பார். கல்லூரியில் தேர்வுத்தாள் எழுதியிருப்பீர்கள், மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வாதுரை தயாரித்திருப்பீர்கள். இந்த நோட் அந்த இரண்டிலும் சேராது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மெமோவும் வேறு. இது அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் காகிதம். இதைப் படிப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். படித்த உடனே அவர் ஒரு முடிவெடுக்க வேண்டும்: வழக்குப் போடலாமா, சமரசம் பேசலாமா, கட்சிக்காரரிடம் "இது நிற்காது" என்று சொல்லிவிடலாமா.

அந்த முடிவுக்கு உதவாத மெமோவில் எத்தனை தீர்ப்புகள் அடுக்கியிருந்தாலும் பயனில்லை. கட்சிக்காரருக்குச் சாதகமாக எழுத வேண்டிய இடம் மனுவும் வாதுரையும். மெமோவில் எதிர்தரப்பு வக்கீல் சொல்லப்போவதை அவரைவிட நன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நம் கட்சிக்காரருக்குப் பாதகமானதை எழுதினால் சீனியர் கோபிப்பாரோ என்று தயங்குகிறார்கள். மெமோவில் இல்லாத பாதகமான விஷயம் நீதிமன்றத்தில் முதல்முறையாகக் காதில் விழும்போதுதான் எந்தச் சீனியரும் கோபிப்பார்.

வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. பயிற்சிக்காக ஒரு கட்டை அமைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, சட்டம் நிஜம்.

சென்னையில் காகித மொத்த வியாபாரி ஒருவர். சிவகாசியில் அச்சகம் நடத்தும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குப் பல வருடங்களாகக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறார். பாக்கிக்காக அந்தக் கம்பெனி 10.01.2025 தேதியிட்டு 8,00,000 ரூபாய்க்குக் காசோலை கொடுக்கிறது. 20.01.2025 அன்று கம்பெனி கணக்கிலிருந்து 2,00,000 ரூபாய் நெஃப்ட் மூலம் வருகிறது. வியாபாரி மார்ச் 3 அன்று காசோலையை முழுத் தொகைக்கே வங்கியில் போடுகிறார். பணம் போதாது என்று திரும்பிய தகவல் மார்ச் 5 அன்று அவர் கைக்கு வருகிறது. ஏப்ரல் 2 அன்று வேறொரு வக்கீல் மூலம் 8,00,000 ரூபாய் கேட்டு நோட்டீஸ் போகிறது, ஏப்ரல் 4 அன்று கம்பெனிக்குக் கிடைக்கிறது. பணம் வரவில்லை. ஏப்ரல் 28 அன்று வியாபாரி உங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். "செக் பவுன்ஸ் கேஸ் போடணும்" என்கிறார்.

வேலையை வாங்கும்போதே கேட்க வேண்டியவை

சீனியர் கட்டைக் கொடுக்கும்போது தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இந்த நோட் எதற்கு, எப்போது வேண்டும், எத்தனை பக்கம், ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம் ஏதாவது உண்டா என்று அப்போதே கேளுங்கள். நாளைக் காலை கட்சிக்காரர் வரும்போது பதில் சொல்லத்தான் என்றால் இரண்டு பக்கம் போதும். உயர் நீதிமன்றத்தில் புகாரை ரத்து செய்யக் கேட்டு எதிர்தரப்பு மனுப் போட்டு, அதற்குப் பதில் சொல்லத்தான் என்றால் தேடல் ஆழமாகப் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மெமோ எழுதினால் ஒன்றில் பாதி நாள் வீண், மற்றதில் பாதி வேலை பாக்கி.

கேட்டு முடித்ததும் நீங்கள் புரிந்துகொண்டதை ஒரே வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "காசோலைப் புகார் நிற்குமா, நிற்காவிட்டால் பணத்தை வாங்க வேறு வழி என்ன, இதுதானே சார்?" அவர் "ஆமாம், கூடவே டைரக்டர்களையும் சேர்க்கலாமா என்று பார்" என்பார். அந்த ஒரு வரி பிறகு உங்களுக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

முதலில் தேதிகள்

கட்டைப் பிரித்ததும் சட்டப் புத்தகத்தை எடுக்காதீர்கள். வெள்ளைத் தாளில் தேதிப் பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலப்பக்கம் அதற்கு ஆதாரம். ஆதாரத்துக்கான வலப்பக்கத்தை ஒருபோதும் காலியாக விடக்கூடாது. "மார்ச் 5 அன்று தகவல் கிடைத்தது" என்பதற்கு ஆதாரம் வங்கியின் ரிட்டர்ன் மெமோவா, கட்சிக்காரர் வாய்மொழியா? ரிட்டர்ன் மெமோவில் மார்ச் 4 என்று இருந்து, கைக்கு வந்தது மார்ச் 5 என்று அவர் சொன்னால், இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆதாரம் இல்லாத இடத்தில் "கட்சிக்காரர் கூற்று" என்று போடுங்கள்.

காசோலை வழக்கில் தேதிப் பட்டியல்தான் பாதி வழக்கு. பணமில்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதன் 138, 142 பிரிவுகளில் காலக்கெடுக்களை வரிசையாக வைத்திருக்கிறது. காசோலை செல்லுபடியாகும் காலத்துக்குள் வங்கியில் போடப்பட வேண்டும். ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் அதை மூன்று மாதமாக்கிவிட்டது. திரும்பிய தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் வழக்கு மூலம், அதாவது வழக்குத் தொடுக்கும் உரிமை, உண்டாகிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார்.

நம் கட்டில் போட்டுப் பார்ப்போம். மார்ச் 5-ஐ விட்டுவிட்டு எண்ணினால் 30-ஆவது நாள் ஏப்ரல் 4. நோட்டீஸ் 2-ஆம் தேதியே போய்விட்டது, சரி. ஏப்ரல் 4-ஐ விட்டு எண்ணினால் 15 நாள் ஏப்ரல் 19-இல் முடிகிறது. வழக்கு மூலம் ஏப்ரல் 20. அந்த நாளையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 1999-இல் சாகேத் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னாளில் எகான் ஆன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஆகவே கடைசி நாள் மே 20. நோட்டீஸுக்குச் சட்டம் சொல்வது "30 நாள்", புகாருக்குச் சொல்வது "ஒரு மாதம்". மாதம் என்றால் நாட்காட்டி மாதம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் புகாருக்கும் 30 நாள் எண்ணாதீர்கள். ஏப்ரலில் இரண்டும் ஒரே தேதியில் முடிவதால் வித்தியாசம் தெரியாது, 31 நாள் மாதத்திலும் பிப்ரவரியிலும் தெரியும்.

இந்தக் கணக்கை மெமோவில் முழுமையாகக் காட்டுங்கள். "காலவரம்புக்குள் உள்ளது" என்று மட்டும் எழுதினால் சீனியர் மறுபடி விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். கடைசி நாளை மெமோவின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடுங்கள். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, 2002 திருத்தம் அதைத் தந்தது. ஆனால் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும், "வக்கீல் அலுவலகத்தில் கவனிக்கவில்லை" என்ற காரணத்தோடு மாஜிஸ்திரேட் முன் நிற்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

கேள்வியைச் சரியாக வைப்பது

"காசோலை வழக்குப் போடலாமா?" என்று கேள்வி எழுதினால், எந்தக் கட்டுக்கும் அது பொருந்தும், ஆகவே இந்தக் கட்டுக்குப் பொருந்தாது. நல்ல கேள்வியில் சட்டப் பிரிவும், சிக்கலை உண்டாக்கும் சங்கதியும் சேர்ந்து இருக்கும். இப்படி:

"8,00,000 ரூபாய்க் காசோலை கொடுத்த பிறகு, அது வங்கியில் போடப்படுவதற்கு முன்பே 2,00,000 ரூபாய் வந்துவிட்டது. காசோலையில் அந்த வரவைக் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டுத் திரும்பிய நிலையில், 138-ஆம் பிரிவின் கீழ் புகார் நிற்குமா? அந்த 2,00,000 ரூபாய் வேறு பழைய பில்களுக்காக வரவு வைக்கப்பட்டிருந்தால் விடை மாறுமா?"

இதைப் படித்ததுமே சீனியருக்கு வழக்கின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு மெமோவில் இப்படி இரண்டு, மூன்று கேள்விகள் போதும். ஏழு கேள்வி வந்தால், அவற்றில் நாலு ஏற்கெனவே விடை தெரிந்தவையாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றும் ஒரு வரியில் "தகராறு இல்லை" என்று ஒதுக்குங்கள். நம் கட்டில் எந்த ஊர் நீதிமன்றம் என்பது அப்படிப்பட்டது. 2014-இல் தஷ்ரத் ரூப்சிங் ரத்தோட் தீர்ப்பு காசோலை கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்கு என்று சொல்லி, நாடு முழுக்கப் புகார்கள் இடம் மாறின. 2015 திருத்தம் அதை மாற்றிவிட்டது. வியாபாரி தன் கணக்கில் வசூலுக்குப் போட்டிருந்தால், அவர் கணக்கு வைத்திருக்கும் கிளை எங்கேயோ அங்கே. ஆகவே சென்னை. ஒரு வரி போதும்.

தேடும் முறை

முதலில் சட்டத்தின் வாசகம். பேர் ஆக்டில் (உரையில்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) அந்தப் பிரிவை முழுக்க, காப்புரைகளோடும் (நிபந்தனை வாசகங்கள்) விளக்கத்தோடும் படியுங்கள். 138-இன் விளக்கத்தில் "கடன் அல்லது பொறுப்பு" என்றால் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் என்று இருப்பது நம் கேள்விக்கு உயிர். கையில் இருப்பது திருத்தங்கள் சேர்ந்த பதிப்பா என்றும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய மெமோவை எடுத்து மாதிரியாக வைத்து எழுதும்போது, புகாரை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கு 482-ஆம் பிரிவு என்று அப்படியே ஏறிவிடும். இப்போது அது 528.

அப்புறம்தான் தீர்ப்புகள். இந்தியன் கானூன், எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா, உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம் என்று வழிகள் நிறைய. சேம்பர் அலமாரியில் எம்.எல்.ஜே., சி.டி.சி. ஆகிய தீர்ப்புத் தொகுதிகள் இருந்தால் அவற்றின் பொருளடக்கத்தையும் புரட்டுங்கள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பொருள்வாரியாகப் பிடிக்க அது இன்னும் வேகமான வழி.

கிடைத்த ஒவ்வொரு தீர்ப்பிடமும் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள்? அங்கே சங்கதிகள் என்ன? அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்புக்கு என்ன ஆனது? மூன்றாவதில்தான் கால் இடறும். உதாரணமாக, வியாபாரி காசோலையை மறுபடி வங்கியில் போடலாமா என்று தேடினால், 1998-இன் சதானந்தன் பத்ரன் தீர்ப்பு கிடைக்கும். ஒருமுறை நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் கெடுவுக்குள் புகார் போடாதவர், மறுபடி காசோலையைப் போட்டுப் புது வழக்கு மூலம் உண்டாக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லும். அதை நம்பி எழுதினால் மெமோ தவறாகிவிடும். 2012-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, சென்னையிலிருந்து போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் அதைத் தவறு என்று சொல்லிவிட்டது. செல்லுபடியாகும் காலத்துக்குள் மறுபடி போடலாம், மறுபடி நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் நம் கட்டுக்கு அது உதவாது. ஜனவரி 10 தேதியிட்ட காசோலையின் ஆயுள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே முடிந்துவிட்டது, வியாபாரி வந்தது 28-ஆம் தேதி. இவ்வளவையும் மூன்றே வரியில் மெமோவில் எழுதுங்கள், சீனியருக்கு நிச்சயம் அந்தக் கேள்வி வரும்.

தீர்ப்பின் தலைப்பில் இருக்கும் சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் படித்து மேற்கோள் காட்டாதீர்கள். அது தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியது அன்று. தீர்ப்பின் எந்தப் பத்தியை நம்புகிறீர்களோ அதன் எண்ணையும் மெமோவில் போடுங்கள்.

ஏஐ கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேடலுக்கு ஒரு தொடக்கம் கொடுக்க அவை உதவலாம். ஆனால் இல்லாத தீர்ப்புக்குப் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுத்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி தந்த போலித் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மூலத்தைத் திறந்து உங்கள் கண்ணால் படிக்காத ஒரு தீர்ப்பும் மெமோவுக்குள் வரக்கூடாது. கட்சிக்காரர் பெயரும் ஆவணங்களும் அப்படிப்பட்ட தளங்களில் ஏறவும் கூடாது.

எழுதும் வரிசை

மேலே பெறுநர், அனுப்புநர், தேதி, கட்டின் எண், பொருள். "ரகசியம், அலுவலக உபயோகத்துக்கு மட்டும்" என்ற வரி. அதற்கடுத்து கேள்விகள், உடனே சுருக்கமான விடை, பிறகு சங்கதிகள், ஆராய்வு, பரிந்துரை. எழுதும்போது இந்த வரிசையில் எழுத வேண்டியதில்லை. சங்கதிகளை முதலில் எழுதுங்கள், சுருக்கமான விடையைக் கடைசியில் எழுதி மேலே ஏற்றுங்கள்.

சுருக்கமான விடைக்கு அதிக நேரம் செலவிடுங்கள். சீனியர் காரில் போகும்போது அதை மட்டும்தான் படிப்பார். "இருதரப்பிலும் வாதங்கள் உள்ளன, நீதிமன்றத்தின் பார்வையைப் பொறுத்தது" என்பது விடையாகாது. எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன், எது மாறினால் விடை மாறும் என்ற மூன்றும் வேண்டும்:

"இப்போதுள்ள ஆவணங்களை வைத்துப் பார்த்தால் புகார் நிற்பது சந்தேகம். பகுதிப் பணம் பெற்ற பிறகு அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 பொருந்தாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு. ஆனால் 20.01.2025 அன்று வந்த 2,00,000 ரூபாயை நம் கட்சிக்காரர் காசோலைக்குச் சம்பந்தமில்லாத பழைய பில்களுக்கு அன்றே வரவு வைத்திருந்தால், புகாருக்கு நல்ல அடிப்படை உண்டு. லெட்ஜர் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும். புகாருக்குக் கடைசி நாள் 20.05.2025."

சங்கதிகள் பகுதியில் அடைமொழி வேண்டாம். "எதிரி திட்டமிட்டு ஏமாற்றினார்" என்பது புகாருக்குரிய வாக்கியம். மெமோவில் "பணம் செலுத்தவில்லை" போதும். பாதகமான சங்கதியைச் சாதகமான சங்கதிக்கு அருகிலேயே வையுங்கள். நெஃப்ட் வரவை நாலாவது பக்கத்தில் ஒரு துணைவாக்கியத்துக்குள் வைத்தால், அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நம் சேம்பர்களில் மெமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. ஆவணங்கள் தமிழில் இருக்கும். அச்சக முதலாளி வாட்ஸ்அப்பில் "ரெண்டு போட்டிருக்கேன், பழசுல கழிச்சுக்கோங்க" என்று எழுதியிருந்தால், அந்தத் தமிழ் வாசகத்தை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள், மொழிபெயர்ப்பைக் கீழே கொடுங்கள். "பழசுல கழிச்சுக்கோங்க" என்ற இரண்டு சொல்லில் வழக்கின் விடையே மாறலாம். உங்கள் சொந்த ஆங்கிலத்தில் அது வேறு அர்த்தமாகிவிடக்கூடாது.

ஆராய்வு: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஒவ்வொரு கேள்விக்கும் விதி என்ன, நம் சங்கதிக்கு அது எப்படிப் பொருந்துகிறது, எதிர்தரப்பு என்ன சொல்லும், அதற்கு நம் பதில் என்ன என்று போங்கள். புதியவர்கள் விதியை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பொருத்திப் பார்ப்பதை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். 138-இன் வரலாறு சீனியருக்குத் தெரியும். இந்தக் கட்டில் அது எப்படி ஆடும் என்றுதான் அவர் உங்களிடம் கேட்டார்.

நம் கட்டில் ஆராய்வு இப்படிப் போகும். காசோலையில் கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டால் 139-ஆம் பிரிவின் அனுமானம் நமக்குக் கிடைக்கும், வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதையும் அது தழுவும் என்று 2010-இல் ரங்கப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது மறுக்கத்தக்க அனுமானம். கம்பெனி வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டினாலே போதும், 2,00,000 ரூபாய் போனது தெரிந்துவிடும். உடனே 2022 அக்டோபரில் வந்த தஷ்ரத்பாய் திரிகம்பாய் படேல் தீர்ப்பை நீட்டுவார்கள். காசோலை வங்கிக்குப் போகும் நாளில் அதில் உள்ள தொகை வசூலிக்கத்தக்க கடனாக இருக்க வேண்டும், இடையில் பகுதிப் பணம் வந்தால் 56-ஆம் பிரிவின்படி காசோலையில் அதைக் குறித்து, மீதிக்கு மட்டும் போட வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கே நின்று யோசியுங்கள். அந்த வழக்கில் இருந்தது 20 லட்சம் ரூபாய்க் கடன் ஒன்று, அதற்காகக் கொடுத்த காசோலை ஒன்று. நம் கட்டில் பல பில்கள் ஓடும் நடப்புக் கணக்கு. வந்த பணம் எந்தப் பாக்கிக்கு என்பதை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 59 முதல் 61 வரையான பிரிவுகளில் தீர்த்து வைக்கிறது. கடனாளி இதற்கென்று சொல்லிக் கொடுத்தால் அதற்கே வரவு. அவர் சொல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் தன் விருப்பப்படி எந்தப் பாக்கிக்கும் வரவு வைக்கலாம். இருவருமே ஒன்றும் செய்யாவிட்டால் கால வரிசைப்படி பழைய பாக்கி முதலில் கழியும். ஆக, காசோலை எந்தெந்தப் பில்களுக்காகக் கொடுக்கப்பட்டது, அவற்றுக்கு முந்தைய பாக்கி ஏதேனும் இருந்ததா, ஜனவரி 20 அன்று லெட்ஜரில் எப்படி எழுதப்பட்டது, நெஃப்ட் குறிப்பில் ஏதாவது இருந்ததா என்ற நாலும் தெரிந்தால் விடை கிடைத்துவிடும். தெரியாமல் எவ்வளவு தீர்ப்பு படித்தாலும் கிடைக்காது.

எதிர்தரப்பு சொல்லக்கூடியதையும் எழுதுங்கள். லெட்ஜரைப் பிறகு திருத்தினார்கள் என்பார்கள். ஆகவே அதே மாத ஜிஎஸ்டி கணக்கு, கணக்கு மென்பொருளில் பதிவான திருத்தக் குறிப்பு, மாதாமாதம் அச்சகத்துக்கு அனுப்பிய பாக்கி விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். நோட்டீஸில் 2,00,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பார்கள். அது பலவீனம்தான், அப்படியே ஒப்புக்கொண்டு எழுதுங்கள். நோட்டீஸ் காசோலைத் தொகையைக் கேட்டிருப்பதால் அந்த அளவில் குறையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டைரக்டர்கள் விஷயம் சுருக்கமாக. காசோலை கம்பெனியுடையது, ஆகவே கம்பெனியை எதிரியாகச் சேர்க்காமல் டைரக்டரை மட்டும் சேர்த்தால் நிற்காது என்று 2012-இல் அனீதா ஹாடா வழக்கு முடிவு செய்துவிட்டது. கையெழுத்திடாத டைரக்டர்களைச் சேர்ப்பதானால், சம்பவ காலத்தில் தொழில் நடத்தும் பொறுப்பில் இருந்தார்கள் என்று புகாரில் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் யார் எப்போது டைரக்டர் என்று பார்த்து, அந்தப் பதிவின் நகலை மெமோவோடு இணையுங்கள். அந்தக் கம்பெனி மீது திவால் நடவடிக்கை ஏதும் தொடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். திவால் சட்டப்படி வழக்குகளை நிறுத்தி வைக்கும் தடைக்காலம் ஓடினால் கம்பெனிக்கு எதிராகக் காசோலைப் புகாரை நடத்த முடியாது என்று 2021-இல் மோகன்ராஜ் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

பரிந்துரை

முடிவு சொன்ன பிறகு "அடுத்து என்ன" என்பதைத் தேதியோடு எழுதுங்கள். மே 5-க்குள் கட்சிக்காரரிடமிருந்து லெட்ஜர், பில் நகல்கள், வாட்ஸ்அப் உரையாடல் வாங்குவது. மே 12-க்குள் புகார் வரைவு தயாராக இருப்பது, லெட்ஜர் சாதகமாக வந்தால் தாக்கல் செய்வது. பாதகமாக வந்தால் சிவில் வழி. தொகை 3 லட்சத்துக்கு மேல், வணிகத் தகராறு, ஆகவே வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கு என்றால் முதலில் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி சமரச மையத்துக்குப் போயாக வேண்டும், அதைத் தாண்டிப் போட்ட பிராது நிராகரிக்கப்படும். சரக்குப் பாக்கிக்குக் காலவரம்பு மூன்று வருடம், ஆகவே காசோலைப் புகாருக்கு உள்ள அவசரம் இதில் இல்லை, ஆனால் பழைய பில்களின் தேதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதியை வாசித்த சீனியர், கட்சிக்காரருக்கு உடனே போன் போட்டு இன்னின்ன காகிதம் கொண்டு வாருங்கள் என்று சொல்ல முடிய வேண்டும். அந்த அளவுக்குக் குறிப்பாக எழுதுங்கள்.

கொடுப்பதற்கு முன்

அச்செடுத்து, பேனாவோடு படியுங்கள். திரையில் தப்பும் பிழைகள் தாளில் மாட்டும். ஒவ்வொரு தேதியையும் மூல ஆவணத்தோடு, ஒவ்வொரு மேற்கோளையும் தீர்ப்பின் பத்தியோடு ஒப்பிடுங்கள். தொகைகளில் சைபர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா பாருங்கள். நம்பியிருக்கும் தீர்ப்புகளை, பத்திகளில் கோடிட்டு, தனி இணைப்பாக வையுங்கள். நீதிமன்ற வராண்டாவில் நிற்கும்போது அவருக்கு அதுதான் தேவைப்படும்.

மெமோவை கட்சிக்காரருக்கு நேரே அனுப்பிவிடாதீர்கள், அவர் கேட்டாலும். அதில் அவருடைய வழக்கின் ஓட்டைகள் அனைத்தும் இருக்கின்றன. அவர் அதைப் பங்காளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மறுநாள் அது எதிர்தரப்பிடம் இருக்கும். கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியதைச் சீனியர் தீர்மானித்துத் தனிக் கடிதமாக அனுப்புவார். கோப்பின் பெயரில் கட்டு எண்ணும் தேதியும் இருக்கட்டும், "இறுதி", "புது இறுதி" என்று நாலு கோப்பு சுற்ற வேண்டாம்.

கொடுத்த பிறகும் அந்த மெமோ உங்களுடையதுதான். மே 5 அன்று லெட்ஜர் வந்து, ஜனவரி 20 வரவு காசோலைக்குரிய பில்லிலேயே கழிக்கப்பட்டிருப்பது தெரிந்தால், அன்று மாலையே ஒரு பக்க இணைப்புக் குறிப்பு எழுதுங்கள்: புதிய ஆவணம் என்ன, எந்தக் கேள்வியின் விடை மாறுகிறது, இப்போது பரிந்துரை என்ன. பழைய மெமோவைத் திருத்தி மாற்றாமல் இணைப்பைத் தேதியோடு அதன் மேல் வைத்துக் கட்டில் சேர்த்துவிடுங்கள்.